அந்த 12 மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

அவசர சிகிச்சைப் பிரிவில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பவர்களின் விகிதம் இங்கிலாந்தைவிட வேல்ஸில் பல மடங்கு அதிகம் என்று ஒரு ஒப்பீட்டைப் பகிர்ந்திருக்கிறார்கள். அதில் எடுத்திருக்கும் இரண்டு எண்களும் ஒரே விஷயத்தை அளப்பவை அல்ல.

வேல்ஸில் நோயாளி வந்து சேர்ந்ததிலிருந்தே கணக்கு. இங்கிலாந்துக்கு அந்த ஒப்பீட்டில் காட்டியிருக்கும் எண்ணோ, 'வார்டில் சேர்க்க வேண்டும்' என்று முடிவெடுத்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. காலை 10 மணிக்கு வரும் ஒரு பாட்டியைப் பாருங்கள். மாலை 5 மணிக்குச் சேர்க்கச் சொல்கிறார்கள், படுக்கை கிடைப்பது விடியற்காலை 4 மணிக்கு. நாற்காலியிலும் ட்ராலியிலுமாக அவர் கழித்தது 18 மணி நேரம். வேல்ஸ் என்றால் அவர் கணக்கில் வருவார். இங்கிலாந்தின் அந்த எண்ணில் 11 மணி நேரம்தான், அதனால் வரவே மாட்டார். அவர் பட்ட பாடு இரண்டு இடத்திலும் ஒன்றுதானே!

சரிபார்ப்பது சுலபம். இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவையை நடத்தும் என்.ஹெச்.எஸ். இங்கிலாந்து மாதாமாதம் வெளியிடும் எக்செல் கோப்பில் அந்த எண்ணுக்கு மேலே உள்ள தலைப்பைப் படியுங்கள். 'சேர்க்க முடிவெடுத்ததிலிருந்து' என்றே போட்டிருக்கும். வந்த நேரத்திலிருந்து எண்ணும் கணக்கும் 2023 முதல் மாதந்தோறும் தனியாக வருகிறது. வேல்ஸோடு வைத்துப் பார்ப்பதானால் தயவுசெய்து அதை எடுங்கள்.