வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் சாட்சி கேட்காதீர்கள்

போன மாதம் கொழும்பில் ஒரு சபையின் ஞாயிறு ஆராதனைக்குப் போயிருந்தேன். பாகிஸ்தானிலிருந்து தஞ்சம் தேடி வந்த ஒரு அண்ணனை, சாட்சி சொல்ல, அதாவது தேவன் தன்னை நடத்திவந்த கதையை எல்லார் முன்பாகவும் சொல்ல, குடும்பத்தோடு முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவர் உருதில் சொல்ல, மூத்த மகள் தடுமாறித் தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னாள். பதினொரு வயதுதான் இருக்கும். அதை இன்னொருவர் தமிழில் சொன்னார். வீட்டுக்குள் ஆட்கள் புகுந்த இரவைச் சொல்ல வேண்டிய இடத்தில் பிள்ளை பேசாமல் நின்றுவிட்டாள். தாய் நிமிரவே இல்லை. யாரோ கைபேசியில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு உலர் உணவுப் பொதியைக் கொடுத்து அதையும் படம் எடுத்தார்கள். அன்று மாலையே படம் முகநூலில் வந்துவிட்டது, முகங்கள் தெளிவாகத் தெரிய.

ஊரில் அவர்களுடைய சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் படம் யார் கண்ணில் படும் என்று ஒருவராவது யோசித்தார்களா?

அந்தச் சபையார் கெட்டவர்கள் இல்லை. மாதாமாதம் தங்கள் கைக்காசைப் போட்டுத்தான் அந்தப் பொதியைக் கொடுக்கிறார்கள். ஆனால் அன்றிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

இலங்கை 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. இங்கே தஞ்சம் கேட்டு வந்தவர் வேலை செய்ய முடியாது. பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளிக்கூடம் இல்லை. ஐ.நா. அகதிகள் அலுவலகம் மூலம் வேறொரு நாடு ஏற்றுக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும், அதுவும் வருடக்கணக்கில். வாடகை, மருந்து, பால்மா எல்லாம் அடுத்தவர் கொடுத்தால்தான். இந்த நிலையில் இருக்கும் ஒரு மனிதரிடம், "முன்னால் வந்து சாட்சி சொல்லுங்கள் பிரதர்" என்று நாம் கேட்டால், அவர் எப்படி மாட்டேன் என்பார்? அடுத்த மாதப் பொதியும் இதே கையிலிருந்துதான் வர வேண்டும்.

ஆப்கானிஸ்தானிலிருந்தோ ஈரானிலிருந்தோ வந்த முஸ்லிம் குடும்பம் என்றால் இது இன்னும் பெரிய விஷயம். பொதி கொடுக்கும் நாளிலேயே, அதே மண்டபத்தில் வேதபாட வகுப்பையும் வைத்துவிட்டு, இத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது சரியில்லை. நான் சுவிசேஷத்தை விசுவாசிக்கிறவள். யாராவது கேட்டால் விடிய விடிய இருந்து சொல்வேன். ஆனால் பொதிக்கு ஒரு பெயர்ப்பட்டியல், வகுப்புக்கு வேறொரு பட்டியல். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு எதிராக ஜெபித்தவர்களில் நானும் ஒருத்தி. இன்றைக்கும் அப்படியொரு சட்டம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்படிச் சொல்வதற்கு நம் கைகள் சுத்தமாக இருக்க வேண்டும்.

2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தபோது, மெதடிஸ்தக்காரியான நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். கோவாக்காரர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், ஒரு ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். தமிழும் சிங்களமும் படித்தார். கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். 1697இல் அங்கே அம்மை பரவி, ஆட்கள் நோயாளிகளை விட்டுவிட்டு ஓடினார்கள். அவர் ஓடவில்லை. என்ன மதம் என்று கேட்காமல் கழுவினார், ஊட்டினார், புதைத்தார். அவரும் ஊழியக்காரர்தான். ஆனால் இந்த நாட்டில் வெளிநாட்டுக்காரராக, சந்தேகத்துக்குரியவராக, அடுத்தவர் கையை எதிர்பார்த்து நின்றவர் அவரேதான். இப்போது நாம் உள்ளூர்க்காரர். பலம் நம் பக்கம் இருக்கிறது. அது எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் பலம் எப்படிப்பட்டது என்று 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பார்த்தோம். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் நாம் பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்த அதே நாட்களில், நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த அகமதிய முஸ்லிம்களும் ஆப்கானியர்களும் பாகிஸ்தானியக் கிறிஸ்தவர்களும் வீடுகளைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் போய்ப் படுத்தார்கள். தீவிரவாதத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்களுக்கு இங்கே அந்தக் கதி. நீர்கொழும்பு சிலுவை அடையாளம் போடுகிறவர்கள் நிறைந்த ஊர். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பயம் எனக்குப் புரிகிறது. வாசலில் நின்ற பிள்ளைகளை மறக்கத்தான் முடியவில்லை.

என்னுடைய மாமா 83 கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்குப் போனவர். டொரன்டோவில் ஒரு வெள்ளைக்காரச் சபை, தமிழ்க் குடும்பங்கள் கூடுவதற்கு நிலக்கீழ் மண்டபத்தைக் கொடுத்தது. யாரையும் மேடையில் ஏற்றவில்லை. 'உங்கள் பாஷையில் பாடுங்கள்' என்று திறப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாமா அந்தத் திறப்பைப் பற்றி இப்போதும் கதைப்பார். அந்தச் சபையின் பெயர் அவருக்கு மறந்துவிட்டது.

வந்தவர்களோடு செய்யும் ஊழியம் என்று நான் நம்புவது அதைத்தான். துறைமுகத்தில் இறங்கும் மாலுமிகளுக்கும், கட்டட வேலைக்கு வந்திருக்கும் இந்திய, வங்காளதேசத் தம்பிமாருக்கும் இது பொருந்தும்.

கொழும்பிலேயே இதைச் செய்கிற ஒரு சிறிய சபை இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர்களுடைய மண்டபம் பாகிஸ்தானியக் குடும்பங்களுடையது. திறப்பும் அவர்களிடம். டோலக் அடித்து, சங்கீதங்களைப் பஞ்சாபியில் பாடுகிறார்கள். ஊரில் தையல்காரராக இருந்த ஒருவர்தான் ஆராதனை நடத்துகிறார். அந்த அண்ணன் குடும்பத்தை இரண்டு வாரத்துக்கு முன் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை, பின்னால் இருந்தேன். முடிந்ததும் பாலிலேயே கொதிக்கவைத்த தேநீரை முதலில் எனக்குத்தான் தந்தார்கள். மகள் அன்று யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. மற்றப் பிள்ளைகளோடு படிக்கட்டில் ஓடி விளையாடினாள்.

உங்கள் சபை மண்டபம் கிழமை நாட்களில் பூட்டித்தான் கிடக்கிறது என்றால், போதகர் ஐயாவிடம் பேசிப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க முடிந்தவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் போதும். கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.