‘ஐன்’ ஒலி அரபு மொழிக்கு மட்டும் உரியதன்று

அடிநாக்கு தொண்டையின் பின்சுவரை நோக்கி ஒடுங்கும்போது பிறக்கும் ‘ஐன்’ என்னும் மெய்யொலி, உலகில் அரபு மொழியில் மட்டுமே உண்டு என்று பரவிவரும் செய்தி தவறானது. அது அரிய ஒலி என்பது உண்மையே; ஆயினும் சோமாலியிலும், எரித்திரியாவில் பேசப்படும் திக்ரிஞாவிலும், யேமன் யூதர்களின் எபிரேய உச்சரிப்பிலும் அது வழங்குகிறது. 1972இல் இலத்தீன் எழுத்துமுறையை ஏற்ற சோமாலி, இதற்கெனவே ‘சி’ (c) என்னும் இலத்தீன் எழுத்தை ஒதுக்கியது. இவை யாவும் அரபுக்கு உறவான மொழிகள்தாமே என்று தள்ளிவிடவும் இயலாது: கனடாவின் வான்கூவர் தீவில் வழங்கும் நூ-சா-நூல்த் மொழியில், உள்நாக்கருகே பிறந்த பழைய வெடிப்பொலிகள், அரபின் தொடர்பே இன்றி, காலப்போக்கில் இதையொத்த தொண்டையொலியாக மாறின. மாறாக, அரபிலிருந்தே கிளைத்த மால்டா மொழி இவ்வொலியை இழந்துவிட்டது என்பதே எனக்கு மிகவும் வியப்பளிக்கிறது. அதற்குரிய எழுத்து அங்கே இன்றும் எழுதப்படுகிறது, ஆனால் பெரும்பாலும் அருகிலுள்ள உயிரொலியை நீட்டுவதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது.