யஷிக்கா எலெக்ட்ரோ 35: பற்றரி இல்லையென்று ஒதுக்க வேண்டியதில்லை

யஷிக்கா எலெக்ட்ரோ 35 கமராவுக்குரிய பாதரசப் பற்றரி இப்போது கிடைக்காததால், அக்கமரா அலுமாரியில் அழகுக்கு வைக்க மட்டுமே உதவும் என்றொரு செய்தி மட்டக்களப்பு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. முற்பாதி சரி, முடிவு பிழை. 1966இல் அறிமுகமான இக்கமராவின் 5.6 வோல்ட் பற்றரிக்குப் பதிலாக, 6 வோல்ட் அல்கலைன் பற்றரியைச் சிறு குழாயும் சுருள்வில்லும் கொண்டு பொருத்தலாம். பற்றரியே இல்லாவிட்டாலும் ஷட்டர் 1/500 வினாடியில் இயங்குமாதலால், கல்லடிப் பாலத்தின் உச்சி வெயிலில், 400 வேக (ஐஎஸ்ஓ 400) பிலிமுக்கு, ஒளி புகும் லென்ஸ் துவாரத்தை எஃப் 16 என்ற சிறிய அளவில் வைத்துப் படமெடுக்கலாம். இரட்டை உருவத்தை ஒன்றாக்கிக் குவியத்தைச் சரிசெய்ய உதவும் தூரமானிக்கோ மின்சாரமே வேண்டாம். வாங்குபவர் கவனிக்க வேண்டியது வேறொன்று: பிலிமை நகர்த்தும் நெம்புகோலைச் சுழற்றும்போது உள்ளே ‘டொக்’ ஓசை கேட்காவிடின், பெரும்பாலும் உள்ளிருக்கும் இறப்பர்த் துண்டு சிதைந்திருக்கும்.