அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஆண்டு விழாவன்று எடுத்த அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் நம் கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரை யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் கையில் இங்கிலீஷ் புத்தகத்தைத் திணித்து, வாசிடா என்று சொல்லி, அவன் ‘எனஃப்’ என்பதை ‘எனௌக்’ என்று வாசித்ததும் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. கீழே, ‘டீச்சருக்குச் சம்பளம் மட்டும் கரெக்டா போகுது’ என்று ஒரு வரி. அந்த டீச்சர் நான்தான். வணக்கம்.

என் ஒன்பதாம் வகுப்பு ஒரு வகுப்பே இல்லை. 36 பேர், ஒரு கூரை, நாலு வகுப்பு. ஃபீஸ் கட்ட முடியாமல் இங்கிலீஷ் மீடியத்திலிருந்து வந்த ஐந்தாறு பேர், நான் பாடத்தைத் தொடங்குமுன்பே முடித்துவிட்டு ஜன்னல் வழியே தென்னை எண்ணிக்கொண்டிருப்பார்கள். கடகடவென வாசித்துவிட்டு, என்னடா வாசித்தாய் என்றால் முழிப்பவர்கள் ஒரு கூட்டம். கிரிக்கெட் கமெண்டரி கேட்டே பேச்சைப் பிடித்துக்கொண்டு, எழுத்தைக் கண்டால் மிரள்பவர்கள் இன்னொரு கூட்டம். மிச்சம் கடைசி பெஞ்சு. 40 நிமிட பீரியடில் நாலு வகுப்புக்கும் ஒரே புத்தகம், ஒரே கேள்வித்தாள்.

வீடியோவில் வந்தவன் கடைசி பெஞ்சு. ஜூனில் அவன் நோட்டைத் திறந்தால் ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கு மேலேயும் பென்சிலில் தமிழ் எழுதியிருக்கும். ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் ‘பிக்’. ஒன்று பன்றி, ஒன்று பெரிய, ஒன்று பொறுக்கு. நம் எழுத்தில் பகரம் ஒன்று, ககரம் ஒன்று. அவன் வேறு என்ன செய்வான்? 2017-ல் கேரளத்தில் மலையாளத்தைப் பள்ளிகளில் கட்டாயமாக்கச் சட்டம் வந்தபோது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்திதான். ஆனால் இவன் நோட்டைத் திறந்த அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது அந்த மலையாள எழுத்துதான். மலையாளத்தில் ‘பாலக்காடு’ பகரம் வேறு, ‘பஸ்’ பகரம் வேறு. ‘காக்கா’ ககரம் வேறு, ‘காந்தி’ ககரம் வேறு. பன்றிக்குப் பாலக்காடு, பெரியதுக்கு பஸ் என்று தலைமேல் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டான்.

வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். ‘எனஃப்’ வருவதற்கு முன்னால் ஒன்றரை வரியைத் தப்பில்லாமல் வாசிக்கிறான். அது ஒருத்தர் காதிலும் விழவில்லை. ‘டஃப்’, ‘தோ’, ‘த்ரூ’ மூன்றுக்கும் இங்கிலீஷில் கடைசி நாலு எழுத்து ‘ough’ ஒன்றுதான், சத்தம் மூன்று. அவன் எழுத்தை நம்பி வாசித்தான். அதற்குத்தான் இவ்வளவு சிரிப்பு.

‘ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் என்ன செய்தீர்கள்’ என்பார்கள். நியாயமான கேள்வி, மூன்றாம் வகுப்பிலேயே கேட்டிருக்க வேண்டியது. ‘அப்போ பாஸ் மார்க்கே வேண்டாமா’ என்பார்கள். வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? 2024-25-ல் எட்டாம் வகுப்புக்கு ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 சதவீதம் வேண்டும் என்று கொண்டுவந்தபோது நான் எதிர்க்கவில்லை. எடுக்காதவர்களுக்கு லீவில் சில நாள் தனி வகுப்பாம். எட்டு வருஷத்துக் கடனைச் சில நாளில் அடைத்துவிடலாம் போலிருக்கிறது! தேர்வில் கேட்பதோ டயரி எழுது, உரையாடல் எழுது. எழுத்துக் கூட்டத் தெரியாதவன் கதாபாத்திரத்தின் மனசுக்குள் புகுந்து டயரி எழுத வேண்டும். பிள்ளைகள் சமர்த்து. ‘இன்று என் வாழ்வில் மறக்க முடியாத நாள்’ என்று ஒரு டயரியை மனப்பாடம் செய்துவைத்து, பிறந்தநாளுக்கும் அதையே எழுதுவார்கள், சாவுக்கும் அதையே எழுதுவார்கள். நானும் மார்க் போடுவேன்.

‘உங்கள் மகள் எங்கே படிக்கிறாள்’ என்று ஒருவர் கேட்டிருந்தார். பாலக்காட்டில், இங்கிலீஷ் மீடியம். சரி, அது வேறு விஷயம்.

நானும் இதே எல்லையில் தமிழ் மீடியம்தான். பிரீடிகிரி (இப்போதைய பிளஸ் டூ மாதிரி) முதல் வாரம், எழுந்து நின்று ‘ஐலண்ட்’டை ‘இஸ்லாண்ட்’ என்று வாசித்தேன். முன் பெஞ்சில் ஒருத்தி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கைக்குட்டையில் நீலப் பூ. அப்புறம் இரண்டு வருஷம் இங்கிலீஷ் வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு மொபைல் இல்லை, பிழைத்தேன்.

சனிக்கிழமை ராத்திரி அவன் அம்மா போன் செய்தார். ‘டீச்சர், இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேங்கிறானுங்க. பொள்ளாச்சிக்குத் தேங்கா லோடு ஏத்தப் போறேன்னு நிக்கிறானுங்க.’ சம்பளம் வாங்குகிற டீச்சர் என்ன பதில் சொல்லியிருப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

வீடியோ எடுத்தவரும் ஒரு காலத்தில் என் வகுப்பில் கடைசிக்கு முந்தின பெஞ்சுதான். ‘b’யையும் ‘d’யையும் திருப்பிப் போட்டு எழுதிய நோட்டை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரோடு உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் அவர் இங்கிலீஷில் வாங்கிய கிரேடை இங்கே எழுத மாட்டேன். எழுத எவ்வளவு ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை இரண்டாவது பீரியட் எனக்கு அந்த வகுப்பு. குரூப்பில் இன்னும் அந்த வீடியோ கிடக்கிறது. எடுத்துவிடு, தம்பி.