கப்பல் சமையல்காரர் எடுத்த வீடியோ

எங்கள் பக்கம் டால்பினை ஓங்கில் என்றுதான் சொல்வோம். தாத்தாவின் வலையில் ஓங்கில் மாட்டினால் யோசிக்கவே மாட்டார். கத்தியை எடுத்து வலையை அறுத்து அதை வெளியே விடுவார். அன்றைக்குப் பிடித்த மீனும் அந்த ஓட்டை வழியாகப் போய்விடும். அப்புறம் இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து வலை முடைவார்.

போன வாரம் ஒரு நண்பர் சொன்னார்: "திமிங்கிலம், டால்பின் என்று கிளம்புகிறவர்கள் எல்லாரும் மீனவன் வயிற்றில் அடிக்கிறவர்கள்." அவரும் கடற்கரைக்காரர்தான். அவர் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து, சூரைக் கப்பலில் டால்பின்கள் சாவதை ரகசியமாகப் படம் பிடித்த சாம் லபட் என்ற மனிதரின் நினைப்பாகவே இருக்கிறேன். அவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பகுதியில், மெக்சிகோவிலிருந்து பெரு வரைக்கும் உள்ள வெப்பக் கடலில், ஒரு விசித்திரம் உண்டு. மஞ்சள் துடுப்புச் சூரை (டூனா) மீன் கூட்டம் டால்பின் கூட்டத்துக்கு அடியிலேயே நீந்திப் போகும். மேலே டால்பின் தெரிந்தால் கீழே சூரை இருக்கிறது என்று அர்த்தம். தூண்டிலில் சூரை பிடித்த காலத்தில் டால்பின் மீனவனுக்கு வழிகாட்டியாக இருந்தது. யாருக்கும் கெடுதல் இல்லை. 1950களின் கடைசியில் நைலான் வலையும் அதை இழுக்கும் எந்திரமும் வந்தன. அவற்றோடு வந்தது பெரிய சுருக்குமடி வலை. ஆம், இன்று நம் கடற்கரையில் ஊருக்கு ஊர் சண்டை மூட்டுகிற அதே வகை மடிதான். அளவுதான் வேறு. கிட்டத்தட்ட ஒரு மைல் நீளம்.

வேகப் படகுகளை விட்டு டால்பின் கூட்டத்தைத் துரத்துவார்கள். பிறகு ஹெலிகாப்டரும் சேர்ந்துகொண்டது. களைத்துப்போய் ஓரிடத்தில் சேர்ந்ததும் சுற்றி வலையைப் போட்டு, அடிக்கயிற்றை இறுக்கிச் சுருக்கினால் சூரையும் உள்ளே, டால்பினும் உள்ளே. டால்பின் நம்மைப் போல் மூச்சு விடுகிற உயிர். வலையில் சிக்கித் தண்ணீருக்கு அடியில் மாட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். இதில் என்னை உலுக்குகிற விஷயம் ஒன்று. மிதவைக் கயிற்றைத் தாண்டிக் குதித்தால் அவை தப்பிவிடலாம். அவ்வளவு உயரம் துள்ளுகிற உயிர்தானே? ஆனால் குதிப்பதில்லை. திறந்த கடலில் பிறந்து வளர்ந்ததற்குச் சுவர் என்றால் என்னவென்றே தெரியாது. கூட்டமாக ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும்.

இப்படிச் செத்தவை மொத்தம் 60 லட்சத்துக்கும் மேல் என்பது அமெரிக்க அரசு விஞ்ஞானிகளின் மதிப்பீடு. 1972லேயே அமெரிக்காவில் கடல் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 1986ஆம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை செத்தன. நடந்ததெல்லாம் கரை தெரியாத நடுக்கடலில். செத்தவற்றை அங்கேயே தள்ளிவிட்டு வந்தால் யாருக்குத் தெரியும்? கடைக்கு வந்த சூரை டப்பாவில் ரத்தக்கறை இருக்காதே.

சாம் லபட் ஒரு உயிரியலாளர். 1987இல் மெக்சிகோவின் என்செனாடா துறைமுகத்துக்குப் போய், தான் யார் என்பதைச் சொல்லாமல் மரியா லூயிசா என்ற சூரைக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். சமையலும் செய்தார். கையில் ஒரு வீடியோ கேமரா. மாதக்கணக்கில் அந்த ஆட்களோடு தூங்கி, அவர்களுக்குச் சோறு போட்டு, வலை ஏறும்போதெல்லாம் படம் எடுத்தார்.

அந்த நாட்களை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். கண் முன்னால் டால்பின் கத்துகிறது. கத்தியை எடுத்து வலையை அறுக்க முடியாது. அறுத்தால் அன்றைக்குச் சில உயிர் பிழைக்கும், அடுத்த துறைமுகத்தில் இவரை இறக்கி விடுவார்கள், கதை அதோடு முடிந்துவிடும். அதனால் கை கட்டி நின்று பதிவு செய்தார். என் தாத்தாவால் அது முடிந்திருக்காது. என்னாலும் முடியாது. போராட்டம் என்றதும் நமக்குக் கோஷமும் கொடியும்தான் ஞாபகம் வரும். ஆனால் அன்று வாயை மூடிக்கொண்டு நின்றதைவிடக் கடினமான போராட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

1988இல் அந்த வீடியோ அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் வந்தது. எர்த் ஐலண்ட் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு சூரை டப்பாவைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தது. பள்ளிப் பிள்ளைகள் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். 1990 ஏப்ரல் 12 அன்று, சூரையை டப்பாவில் அடைத்து விற்கும் பெரிய கம்பெனியான ஸ்டார்கிஸ்ட், இனி டால்பினைச் சுற்றி வளைத்துப் பிடித்த சூரையை வாங்க மாட்டோம் என்று அறிவித்தது. மற்ற இரண்டு பெரிய கம்பெனிகளும் உடனே பின்னாலேயே வந்தன. டப்பாவில் 'டால்பினுக்குக் கெடுதல் இல்லை' என்கிற முத்திரை வந்தது அப்படித்தான்.

இப்போது நண்பரின் கோபத்துக்கு வருகிறேன். அடி விழுந்தது உண்மை. மெக்சிகோ சூரைக்கு அமெரிக்கா தடை போட்டது, அந்தத் தொழிலாளிகள் பட்ட கஷ்டத்தை யாரும் மறைக்க முடியாது. உலக வர்த்தக அமைப்பு வரை வழக்குப் போனது. இன்னொன்றும் நடந்தது. டால்பினை விட்டுவிட்டு, மீன்கள் அடியில் வந்து கூடுகிற மிதவைகளைக் கடலில் போட்டுப் பிடிக்க ஆரம்பித்த கப்பல்களின் வலையில் சுறாவும் குட்டிச் சூரையும் அள்ளிக்கொண்டு வந்தன. முத்திரை ஒட்டினால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் மீனவன் ஒரு பக்கம், டால்பின் மறுபக்கம் என்று பிரிப்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். வலையைச் சுருக்கிய பிறகு கப்பலைப் பின்னால் எடுத்து, மிதவைக் கயிற்றைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, டால்பின்களை வெளியே நழுவ விடும் வித்தையைக் கண்டுபிடித்ததே சூரைக் கப்பல் கேப்டன்கள்தான். அவற்றின் மூக்கு சிக்காதபடி அந்த இடத்தில் சின்னக் கண்ணி வலையைத் தைத்தவர் ஹரால்ட் மெடினா என்ற கேப்டன். இன்றும் அதற்கு மெடினா வலை என்றே பெயர். உயிரைக் காப்பாற்ற வழி அவர்களிடம் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதைப் பொறுமையாகச் செய்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் எல்லாக் கப்பல்களுக்கும் இல்லை. அந்தக் கட்டாயத்தைக் கொண்டுவந்ததுதான் அந்த வீடியோ.

இப்போது அந்தக் கடலில் வலையில் சாகும் டால்பின் வருடத்துக்கு ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. இருந்தும் அவற்றின் எண்ணிக்கை எதிர்பார்த்த வேகத்தில் ஏறவில்லை. துரத்துவது இன்னும் நடக்கிறது. அந்த ஓட்டத்தில் தாயின் விலாவை ஒட்டி நீந்துகிற குட்டி பிரிந்து போய்விடுகிறதோ என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். வேலை முடியவில்லை என்று நான் சொல்வது அதனால்தான்.

1999இல் வந்த சர்வதேச ஒப்பந்தப்படி அங்கே போகிற பெரிய சுருக்குமடிக் கப்பல் ஒவ்வொன்றிலும் ஒரு பார்வையாளர் ஏறியாக வேண்டும். எத்தனை டால்பின் சுற்றி வளைக்கப்பட்டது, எத்தனை வெளியே போனது, எத்தனை செத்தது என்று ஒவ்வொரு வலைக்கும் எழுதி வைப்பது அவர் வேலை. மரியா லூயிசாவில் யாரிடமும் சொல்லாமல் ஒரு சமையல்காரர் பார்த்த அதே வேலையை, இன்று கேப்டனுக்குத் தெரிந்தே, நோட்டும் பேனாவுமாக ஒருவர் பார்க்கிறார்.