கூ அடித்ததையும் வெட்டாமல் விட்ட படம்

நீல் யங் எடுத்த 'சிஎஸ்என்ஒய்: டெஜா வூ' ஆவணப்படத்தை நேற்று இரவு திரும்பவும் பார்த்தேன். ராக் இசை பழக்கமில்லாதவர்களும் கட்டாயம் பாருங்கோ. கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் என்ற நாலு பேர், அறுபதைத் தொட்டவரும் தாண்டியவரும், ஈராக் போருக்கு எதிரான பாட்டுகளோடு 2006இல் ஊர் ஊராகச் சுற்றிய கதை. படம் வந்தது 2008இல்.

குரல் முந்தி மாதிரி இல்லை. ஸ்டில்ஸ் ஒருதரம் மேடையிலேயே விழுகிறார், அதையும் வெட்டவில்லை. அட்லாண்டாவில் பழைய பாட்டுகளுக்குக் கை தட்டிய அதே சனம், அமெரிக்க ஜனாதிபதி புஷ்ஷைப் பதவி நீக்கச் சொல்லும் பாட்டு வந்ததும் கூ அடிக்கிறது, கனபேர் எழும்பிப் போகிறார்கள், போகும்போது கமராவைப் பார்த்தே திட்டுகிறார்கள், அத்தனையும் படத்தில் அப்படியே இருக்கு. 1970இல் அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போரை எதிர்த்த போராட்டத்தில் படையினர் நாலு மாணவர்களைச் சுட்டுக் கொன்றபோது சில வாரத்திலேயே பாட்டு வெளியிட்டவர்கள் இவர்கள். திட்டு வாங்குவது புதிதில்லை.

அவர்கள் அங்கே பாடித் திரிந்த அதே ஓகஸ்டில்தான் இங்கே இலங்கையில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை போரால் பூட்டுப்பட்டது. அதற்குப் பிறகு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வன்னியில் கசெட்டுகளும் கூத்துக் கொப்பிகளும் எவ்வளவு போயிருக்கும்! மிஞ்சியது ஆட்கள்தான்.

போன வருடம் முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துப் பழக்கம் (ஒத்திகை) ஒன்றுக்குப் போயிருந்தேன். கூத்தைப் பழக்கும் வயதான அண்ணாவியார் வரியை மறந்து நிற்க, மத்தளக்காரர் அடியை விடாமலே வாயால் எடுத்துக் கொடுத்தார், அப்புறம் அந்த இடத்துக்கு எந்த மெட்டு என்று இரண்டு பேருக்கும் பெரிய வாக்குவாதம். யார் யாரிடம் படித்தது, எந்த ஊரில் எப்படிப் பாடுவது என்று அவ்வளவும் அந்தச் சண்டையில்தான் வெளியே வந்தது. பக்கத்தில் நின்ற பெடியன் போனை இறக்கிவிட்டான். "சரியாப் பாடட்டும், பிறகு எடுப்பம்" என்றான். எனக்கு மனம் பதறிப்போச்சு.

அரங்கேற்றத்தை ட்ரோன் விட்டு எடுக்க ஆள் இருக்கு. பழக்கத்தை, பிழைவிட்டுத் திருத்துவதை, பிடிக்காமல் எழும்பிப் போகிறவர் சொல்லுவதை எடுக்க ஆளில்லை. வெளிநாட்டு உறவுகளே, கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் அனுப்புவதில் ஒரு பங்கை இதற்கும் தாருங்கோ: ஒரு கமரா, இரண்டு நல்ல மைக், அண்ணாவிமாரை ஒன்றாக ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோக ஒரு வான். கிராஸ்பி 2023இல் காலமாகிவிட்டார், அந்த நாலு பேரும் சேர்ந்து பாட இனி வழியில்லை. எங்கள் அண்ணாவிமார் இருக்கும்போதே, வருகிற வைகாசிக்கு முன்னம் தொடங்கவேண்டும். எடுக்கத் தெரிந்த பெடியள் உள்பெட்டிக்கு வாங்கோ.