ரோமப் படை மாதிரி வளர்க்கணும் என்கிறவர்களுக்கு: வாளுக்கு முன்னால் திருகையைக் கொடுங்கள்

இப்போது போனைத் திறந்தாலே ரோமர்கள்தான். ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் சொன்னதாக ஒரு வரி, பின்னணியில் முரசு, மழையில் சிவப்புக் கேடயங்களோடு நடந்து போகும் படை. கீழே, "இந்தத் தலைமுறைக்குத் தேவை இதுதான்". எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா ஒருவர் இந்த மாதிரி வீடியோக்களை வாரம் தவறாமல் போடுகிறார். கூடவே அவருடைய உரையும் வரும்: பயல்களை ஆறு மாதம் ரோமன் முகாம் மாதிரி ஒன்றில் போடணும், போனைப் பிடுங்கணும், விடியற்காலை எழுப்பி ஓடவிடணும், அப்போதுதான் உருப்படுவான்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் அப்பாக்கள் வரிசையாக வந்து கட்டைவிரல் போட்டுவிட்டுப் போவார்கள்.

நான் அந்த யோசனைக்கு எதிரி இல்லை. ரோமப் படைவீரன் எப்படிச் சாப்பிட்டான், எங்கே தூங்கினான், என்ன வேலை செய்தான் என்பதைச் செய்து பார்க்க வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அருமையான முறை. ஆனால் இந்தப் பெரியப்பாக்கள் அந்த வாழ்க்கையில் எதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்களோ, அதுதான் அதில் எடுக்கக் கூடாதது.

முதலில் ஒரு குழப்பம். ஏழு வயதில் பையனை வீட்டிலிருந்து பிரித்துப் பாசறையில் போட்டவர்கள் ஸ்பார்ட்டாக்காரர்கள். ஊரும் காலமும் வேறு. ரோமப் பேரரசின் படையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதைத் தொட்டவர்கள். அதற்கு முன்னால் அவர்களை வளர்த்தது வீடும் ஊர் வாத்தியாரும்தான். இரண்டாம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து போய் இத்தாலியில் மிசேனம் கடற்படையில் சேர்ந்த அப்பியன் என்ற இளைஞன் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதம் பாபிரஸ் தாளில் இன்றும் இருக்கிறது. கடலில் ஆபத்து வந்தது, தெய்வம் காப்பாற்றியது, வழிச்செலவுக்கு மூன்று பொற்காசு கொடுத்தார்கள், என் படத்தை அனுப்பியிருக்கிறேன் என்று எழுதிக்கொண்டே வருகிறவன், நடுவில் ஒன்று சொல்கிறான்: நீங்கள் என்னை நன்றாகப் படிக்க வைத்தீர்கள், அதனால் சீக்கிரம் முன்னுக்கு வருவேன் என்று நம்புகிறேன். படை அவனை உருப்பட வைக்கும் என்று அவன் அப்பா காத்திருக்கவில்லை. எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார், படை அதைப் பயன்படுத்திக்கொண்டது. போர்க்கலை பற்றி எழுதிய வெகெட்டியஸும் இதையே சொல்கிறார். புதிதாக ஆள் எடுக்கும்போது உடம்பை மட்டும் பார்க்காதே, எழுதவும் கணக்குப் போடவும் தெரிந்தவர்களையும் தேடி எடு என்று.

சரி, அந்தப் படைக்குள் என்னதான் நடந்தது?

நான் இருப்பது வேல்ஸில். கார்டிஃபிலிருந்து கொஞ்ச தூரத்தில் கார்லியன் என்று ஒரு சிற்றூர். ரோமரின் இரண்டாம் அகஸ்டா லெஜியன் என்ற பெரிய படைப்பிரிவு கி.பி. 75 வாக்கில் அங்கே கோட்டை கட்டியது. வீரர்கள் தங்கிய கட்டடங்களின் அடித்தளம் இன்னும் புல்வெளியில் வரிவரியாகத் தெரிகிறது. லெஜியன் வீரர்களின் குடியிருப்பை இந்த மாதிரி வெளியே நின்று பார்க்க ஐரோப்பாவில் வேறு இடம் கிடையாது என்கிறார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் இரண்டிரண்டு சின்ன அறைகளாகப் போகும். முன்னறையில் சாமான், பின்னறையில் படுக்கை. எட்டுப் பேருக்கு அந்த ஒரு ஜோடி அறை. படை வெளியே கிளம்பினால் அதே எட்டுப் பேருக்கு ஒரு தோல் கூடாரம். வரிசையின் கடைசியில் மட்டும் பெரிய அறைகள். அது செஞ்சூரியனுக்கு, அதாவது பைபிள் வாசித்தவர்களுக்குத் தெரிந்த 'நூற்றுக்கு அதிபதி'க்கு. பெயர்தான் நூறு, அவர் கீழே இருந்தது எண்பது பேர்.

பள்ளி விடுமுறையில் என் மகளையும் அவள் தோழிகளையும் அங்கே கூட்டிப் போயிருந்தேன். அருங்காட்சியகத்தில் ஒரு படை அறையை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் கவசம் மாட்டிப் பார்க்கலாம். மாட்டினார்கள், கத்தினார்கள், செல்ஃபி எடுத்தார்கள், பத்து நிமிடத்தில் தோள் வலிக்கிறது என்று கழற்றி வைத்தார்கள். அதற்கப்புறம் வெளியே புல்வெளியில், மதில் ஓரமாக இருக்கும் வட்டமான அடுப்புகளின் அடித்தளத்தைக் காட்டி, "இங்கே பொதுச் சமையலறை கிடையாது, சாப்பாட்டுக் கூடமும் கிடையாது, அரசாங்கம் கோதுமையைத்தான் அளந்து கொடுக்கும்" என்றேன். அப்போதுதான் கேள்விகள் வந்தன. அப்போ யார் சமைப்பார்கள்? யார் அரைப்பார்கள்? எட்டுப் பேரில் ஒருத்தன் அரைக்கவே மாட்டேன் என்றால் என்ன செய்வார்கள்? பாத்திரம் கழுவுவதை வைத்து வீட்டில் தினமும் போர் நடத்தும் என் மகள் கேட்ட கேள்வி அது. இரண்டாயிரம் வருடம் முந்தைய மனிதர்களைப் பற்றி அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியது அந்தக் கணத்தில்தான்.

பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் தரும் படிக்கணக்கைப் போட்டால் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கோதுமை வரும். எட்டுப் பேருக்கு ஒரு திருகை. நம் பாட்டி வீட்டு மூலையில் கிடக்குமே, அதே மேல்கல், கீழ்கல், கைப்பிடி. பயணத்தில் அதைக் கோவேறு கழுதை சுமக்கும். சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் யாராவது உட்கார்ந்து சுற்றியாக வேண்டும், இல்லையென்றால் எட்டுப் பேருக்கும் ரொட்டி கிடையாது. ஜெர்மனியில் மார்கஸ் யுங்கெல்மன் என்ற வரலாற்று ஆய்வாளர் 1985-ல் சில நண்பர்களோடு ரோமர் காலணி, கவசம், மூட்டை முடிச்சோடு வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஆக்ஸ்பர்க் வரை நடந்தே போனார். அப்புறம் அவர் ரோமப் படையின் சாப்பாட்டைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். நடந்து பார்த்த மனிதர் வாளோடு நிற்காமல் ரொட்டிக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அடுத்தது மண்வேலை. நடைப்பயணத்தில் இருக்கும் படை ஒவ்வொரு சாயங்காலமும் அகழி வெட்டி, கரை எழுப்பி, முளை நட்டு ஒரு முகாமையே கட்டிவிட்டுத்தான் தூங்கும். எதிரியைப் பிக்காசு கொண்டுதான் வெல்ல வேண்டும் என்று கார்புலோ என்ற தளபதி சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. கார்லியன் ஆம்ஃபிதியேட்டரிலேயே எந்தப் பகுதியை எந்த நூற்றுவர் குழு கட்டியது என்று கல்லில் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

வாத்தியார்களுக்கு நான் காட்ட விரும்பும் இடம் இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிறது, லம்பேசிஸ். கி.பி. 128-ல் பேரரசர் ஹேட்ரியன் அங்கிருந்த படைகளின் பயிற்சியை நேரில் பார்த்துவிட்டுப் பேசிய பேச்சைக் கல்லில் வெட்டி வைத்தார்கள், துண்டு துண்டாகக் கிடைத்திருக்கிறது. "சபாஷ் வீரர்களே" என்ற பொத்தாம்பொதுவான பேச்சு அது இல்லை. மற்றவர்கள் பல நாளாகப் பிரித்துச் செய்யும் வேலையை நீங்கள் ஒரே நாளில் முடித்தீர்கள், கடினமான சரளை மண்ணில் அகழியை நேராக வெட்டினீர்கள், பிறகு சுரண்டி வழவழப்பாக்கினீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஒரு பேரரசர் சரளை மண்ணைக் கவனித்திருக்கிறார்! நம் வீடுகளில் பிள்ளை ஒரு வேலையைச் செய்துவிட்டு வந்தால் எத்தனை பேர் இப்படிப் பார்த்துச் சொல்கிறோம்? "ம்" என்போம், இல்லையென்றால் "இதை நேற்றே செய்திருக்கலாம்" என்போம்.

எழுத்தும் உண்டு. இங்கிலாந்தின் வடக்கே ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்தில் விண்டோலண்டா. 1973-லிருந்து அங்கே மெல்லிய மரத் தகடுகளில் மையால் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. தினசரி அறிக்கை ஒரே வரியில் இருக்கும்: இருக்க வேண்டியவர்கள் எல்லோரும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறார்கள், சாமான்களும் அப்படியே. துங்கிரியர் படைப்பிரிவின் ஆள்கணக்கு ஒன்றில் மொத்தம் 752 பேர், அதில் கோட்டையில் இருந்தது 296 பேர். இந்த 296-லும் 31 பேர் வேலைக்கு ஆகாதவர்கள், அதில் பத்துப் பேருக்குக் கண் நோய். மாஸ்குலஸ் என்ற குதிரைப்படை அதிகாரி, நாளைக்கு நாங்கள் எல்லோரும் திரும்ப வேண்டுமா, பாதிப் பேர் வந்தால் போதுமா என்று மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு, கடைசியில் தோழர்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்கிறார். வீடியோவில் வரும் மழை நனைந்த மாவீரர்களை விட எனக்கு இந்த ஆள்களைப் பிடிக்கும்.

ஆயுதப் பயிற்சி இல்லாமல் இல்லை. ஆறடி மரக்கம்பத்தை எதிரியாக வைத்து இரட்டிப்பு எடையுள்ள மரவாளாலும் பிரம்புக் கேடயத்தாலும் காலையும் மாலையும் அடித்துப் பழக வேண்டும், கோடைக்காலத்தில் ஐந்து மணி நேரத்தில் இருபது ரோம மைல் நடக்க வேண்டும், நீச்சல் தெரிய வேண்டும் என்று வெகெட்டியஸ் பட்டியல் போடுகிறார். நடையும் நீச்சலும் எந்தப் பிள்ளைக்கும் நல்லதுதான்.

இனி பெரியப்பா விரும்பும் பகுதிக்கு வருகிறேன்: ஒழுங்கு. செஞ்சூரியன் கையில் திராட்சைக் கொடித் தடி ஒன்று இருக்கும், அடிப்பதற்கு. கி.பி. 14-ல் பேரரசர் அகஸ்டஸ் இறந்த செய்தி வந்ததும் பன்னோனியா மாகாணத்தில் மூன்று லெஜியன்கள் கலகம் செய்தன. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அதை விரிவாக எழுதியிருக்கிறார். லூசிலியஸ் என்ற செஞ்சூரியனுக்கு வீரர்கள் வைத்த பட்டப்பெயர் 'இன்னொன்று கொண்டா'. ஒருவன் முதுகில் தடி முறிந்தால், உரத்த குரலில் அடுத்த தடியைக் கேட்பாராம். கலகத்தில் அவரைக் கொன்றார்கள். வீரர்கள் சொன்ன குறைகளில் இன்னொன்றும் உண்டு: கடினமான வேலையிலிருந்து விடுப்பு வேண்டுமென்றால் செஞ்சூரியனுக்குக் காசு தள்ள வேண்டும். ஆக அந்தப் புகழ்பெற்ற ஒழுங்கின் கதவுக்குப் பின்னால் லஞ்சம் நின்றது. தோற்று ஓடிய பிரிவில் சீட்டுப் போட்டுப் பத்தில் ஒருவரைக் கூட இருந்தவர்களின் கையாலேயே கொல்லும் தண்டனையும் இருந்தது. அடிமைகளின் கலகத்தை நடத்திய ஸ்பார்ட்டகஸுக்கு எதிரான போரில் ரோமத் தளபதி கிராஸஸ் 500 பேரை ஐம்பது கூட்டமாகப் பிரித்து அதைச் செய்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். பிக்காசைப் புகழ்ந்த அதே கார்புலோவும் வாள் கட்டாமல் மண் வெட்டினான் என்று ஒருவனைக் கொன்றதாக டாசிட்டஸ் சொல்கிறார், கொஞ்சம் மிகைப்படுத்திய கதையாக இருக்கலாம் என்று அவரே சேர்த்துக்கொள்கிறார். முகாம் வேண்டும் என்கிறவர்கள் இந்தப் பக்கங்களையும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டத் தயாரா?

அந்த ஒழுங்கை மட்டும் தனியாக உருவி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு நாடு முழுவதுமாகச் செய்து பார்த்திருக்கிறது. முசோலினியின் அரசு 1926-ல் பலில்லா என்ற இளைஞர் அமைப்பைத் தொடங்கியது. எட்டு வயதிலிருந்து பதினான்கு வரை பலில்லா, அதற்கு மேல் பதினெட்டு வரை வேறு பெயர், பின்னால் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவு வைத்து 'ஓநாயின் பிள்ளைகள்' என்றார்கள், ரோமை நிறுவியதாகக் கதை சொல்லும் ரோமுலஸுக்குப் பால் கொடுத்த அதே ஓநாய். பிரிவுகளுக்கு செஞ்சூரியா, கோகார்ட், லெஜியன் என்று பழைய ரோமப் பெயர்கள். கையை நீட்டி ரோமன் வணக்கம். சின்னக் கைக்கு ஏற்ற சின்னத் துப்பாக்கி. புத்தகமும் துப்பாக்கியும் சேர்ந்தால் உத்தமமான பாசிஸ்ட் என்பது முழக்கம். 1930-ல் பத்து வயதுப் பையனாக அணிவகுத்தவன் 1940-ல் இத்தாலி போருக்குள் போனபோது சரியாக இருபது வயதில் நின்றான். பெயர், வணக்கம், நடை, கீழ்ப்படிதல் எல்லாவற்றையும் ரோமிடமிருந்து எடுத்தார்கள். லூசிலியஸின் கதையை மட்டும் யாரும் அந்தப் பையன்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இங்கே பிரிட்டனில் பொழுதுபோக்காக ரோமர் வேடம் போடுகிறவர்கள் வேறு ரகம். 1972-ல் தொடங்கிய எர்மைன் ஸ்ட்ரீட் கார்ட் மாதிரியான குழுக்கள் ஒவ்வொரு கொக்கியையும் தோல் வாரையும் தொல்லியல் ஆதாரம் பார்த்துச் செய்கிறார்கள். செஸ்டர் நகரத்தில் பள்ளிப் பிள்ளைகள் கேடயம் பிடித்துக்கொண்டு, லத்தீனில் கட்டளை கத்தும் ஒரு ரோமன் பின்னால் தெருவில் போவதைப் பார்க்கலாம். வேடிக்கையாக இருக்கும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அதனால் தீங்கும் இல்லை. என் குறை, அதோடு நின்றுவிடுகிறது என்பதுதான். கத்துவதும் கேடயமும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும், வீடியோ கேமில் தினம் பார்க்கிறார்கள். தெரியாதது கோதுமை மாவாவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது.

என்னைக் கேட்டால் முகாம் இப்படி இருக்கட்டும். வார இறுதி போதும், ஆறு மாதமெல்லாம் வேண்டாம். எட்டு எட்டுப் பேராக, ஆணும் பெண்ணும் கலந்து (இதில் ரோமர்களைப் பின்பற்ற வேண்டியதில்லை), ஒரு கூடாரம், ஒரு திருகை, ஒரு மூட்டை முழுக் கோதுமை. சாயங்காலத்துக்குள் முழங்கால் ஆழத்துக்கு அகழி. இரவுக் காவலுக்கு முறை. பாலிபியஸ் விவரிக்கிற மாதிரி மறைசொல்லை ஒரு சின்னப் பலகையில் எழுதிக் கூடாரம் கூடாரமாகக் கைமாற்றி, பொழுது அடங்குவதற்குள் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வைக்க வேண்டும். வராத பலகை எந்தக் கூடாரத்தில் மாட்டியது என்று கண்டுபிடிப்பது பிள்ளைகளின் வேலை. காலையில் ஒவ்வொரு எட்டும் விண்டோலண்டா பாணியில் அறிக்கை எழுத வேண்டும்: யார் இருக்கிறார்கள், யாருக்குக் காய்ச்சல், மாவு எவ்வளவு மிச்சம். வருகிற பெரியவர் அகழியில் இறங்கிப் பார்த்து, ஹேட்ரியன் மாதிரி மண்ணைப் பற்றிப் பேச வேண்டும். தீ மூட்டி உட்காரும்போது லூசிலியஸ் கதையும் சொல்ல வேண்டும், அதன்பிறகு யார் வேண்டுமானாலும் யாரையும் கேள்வி கேட்கலாம். வாள் கடைசி நாள் மதியம், நேரம் இருந்தால்.

எகிப்தில் இருந்த ஒரு லெஜியனின் வேலை அட்டவணை முதல் நூற்றாண்டிலிருந்து மிஞ்சியிருக்கிறது. இடது பக்கம் வீரர்களின் பெயர், மேலே தேதி, கட்டத்துக்குக் கட்டம் அன்றைய வேலை. குளியலறை, தெருப் பெருக்கல், கழிவு அள்ளுதல் எல்லாம் அதில் இருக்கின்றன. அதே மாதிரி ஒரு அட்டவணையை நம் முகாம் வாசலிலும் ஒட்டலாம். கட்டைவிரல் போட்ட அப்பாக்களின் பெயரையும் அதில் சேர்த்துவிடுவோம். கழிவறை முறை வெள்ளிக்கிழமை இரவே தொடங்குகிறது, பெரியப்பா வருவதாக இருந்தால் முதல் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.